கரைப் பங்கு

தேசம்மா அக்காவுக்குக் குழம்பில் உப்பு தெரியவில்லை. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

"சில நாளு தெரியுது, சில நாளு தெரியல ஜோதி. நாக்குல இரும்ப வெச்சா மாரி கீது. எம்பொண்ணு ஜெனிதாவைக் கேட்டா, உனுக்கு வயசாவுதும்மான்றா. நாக்குக்கு இன்னா வயசு?"

எழுதிக்கொண்டேன். எழுதிக்கொள்வதுதான் என் வேலை. அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடக்கிற ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறேன். கழுத்தில் தொங்குகிற அட்டையில் 'ஆய்வு ஒருங்கிணைப்பாளர், ஜோதிலட்சுமி' என்று போட்டிருக்கும். நங்கநல்லூரில் என் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்வது 'மாத்திரை குடுக்கற வேலை'. இரண்டில் மாமியார் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கம்.

பேப்பரில் வாரத்துக்கு ஒரு செய்தி பார்ப்பீர்கள். புதிய மருந்து இதயத்தைக் காக்கும், புதிய மருந்து மறதியைத் தள்ளிப்போடும், ஆய்வில் தகவல். வாட்ஸப்பில் என் நாத்தனாரே எனக்கு அனுப்புவாள், பூங்கொத்துப் படத்தோடு. அந்த ஒற்றை வரி வெளிவருவதற்குள் எத்தனை பேர் எத்தனை வருஷம் வெயிலில் அலைந்திருக்கிறார்கள் என்று செய்தியில் இருக்காது. நான் இதற்கு முன்னால் அலைந்த ஆய்வுகள் எதுவும் செய்தியாகக்கூட வரவில்லை. மருந்து பலிக்கவில்லை, கடையைக் கட்டு என்று ஒரு மின்னஞ்சல் வரும். கட்டுவோம். அடுத்ததற்கு அலைவோம். எனக்கு அலுத்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, எலும்பு வரைக்கும் அலுப்பு.

இந்தத் தடவை சிறுநீரகம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டுப்போவதை ஒரு புது மாத்திரை தள்ளிப்போடுமா என்று பல ஊர்களில் சோதிக்கிறார்கள். எங்கள் மையத்துக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பம். சேர்கிறவர்கள் எல்லோருக்கும் வழக்கமான சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை தொடரும். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு டப்பா. பாதிப் பேர் டப்பாவில் புது மருந்து, பாதிப் பேர் டப்பாவில் அதே நிறம், அதே அளவில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.

தேசம்மா அக்கா இதில் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவர் புருஷன் ஏசுராஜுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் தவறாமல் டயாலிசிஸ் மெஷினில் கிடந்து, ஊசி குத்திக் குத்திக் கை வீங்கிச் செத்துப்போனார். அக்காவுக்கும் சர்க்கரை. கிரியாட்டினின் என்கிற ரத்தப் பரிசோதனையில் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது ஏற ஏறச் சிறுநீரகம் கைவிடுகிறது என்று அர்த்தம். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "எனுக்கு சாவு பத்தி ஒண்ணியும் இல்ல ஜோதி. அந்த மெஷினுக்கு மட்டும் என்ன அனுப்பிடாத." அனுப்புகிறதும் அனுப்பாததும் என் கையிலா இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அவருடைய எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். அப்படிப் பார்க்கக் கூடாது.

அன்றைக்குக் குப்பத்துக் கூடத்தில் மாதாந்திரப் பரிசோதனை. அக்காவுக்கு அடுத்து வந்தவர் லாசர் அண்ணன், சொந்தப் படகு வைத்திருப்பவர். ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டேன்.

"நாக்குலதான். சில நாளு இரும்பு, சில நாளு இல்ல."

அடுத்து வந்த ஜான்சனும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். சில நாள் இரும்பு, சில நாள் இல்லை. நாலாவது ஆளிடம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நாக்கில் இரும்பு ருசி இந்த மருந்தின் பக்கவிளைவு. மருந்து கிடைக்கிறவருக்கு அது எல்லா நாளும் இருக்கலாம், வெறும் மாத்திரைக்காரருக்குப் பெரும்பாலும் இருக்காது. ஊர் மொத்தத்துக்கும் விட்டு விட்டு இருக்கிறது என்றால் என்னமோ நடக்கிறது.

ரத்தம் எடுக்கும் பெண்ணை உட்காரவைத்துவிட்டு நேரே லாசர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு டீயில் பொறை தோய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க மாத்திரை டப்பா எங்க?"

"என்துன்னு தனியா இன்னா? எல்லாம் ஒண்ணாத்தான் கீது."

உள்ளே போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடியைத் தூக்கி வந்தார். பெட்டிக்கடையில் முறுக்கு போட்டு வைப்பார்களே, அந்த ஜாடி. அது நிறைய எங்கள் மாத்திரை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னண்ணே இது?"

"பங்கு" என்றார், இதைக்கூடவா கேட்பாய் என்கிற முகத்தோடு. "நீதானம்மா படிச்சுக் காட்ன, பங்கு பெற சம்மதமான்னு. ஊரே சம்மதம்னுச்சு. பங்கு போட்டுக்கினோம்."

எங்கள் ஒப்புதல் படிவத்தின் முதல் வரி: 'இந்த ஆய்வில் பங்குபெற முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' எத்தனை இடத்தில் எத்தனை பேருக்கு வாய் வலிக்கப் படித்துக் காட்டியிருப்பேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு பங்கு இருப்பது ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. குப்பத்தில் அது மட்டும்தான் விழுந்திருக்கிறது. கரைக்கு வந்த மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போனவருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. லாசர் அண்ணன் படகில் கூடுதலாக இன்னொன்றும் உண்டு. கடலுக்குப் போக ஆளில்லாமல் போன வீட்டுக்கு ஒதுக்குவது. அதற்குக் கரைப் பங்கு என்று பேர். ஏசுராஜ் போனதிலிருந்து அது தேசம்மா அக்காவின் கூடைக்குப் போகிறது. அதையும் சேர்த்து விற்றுத்தான் ஜெனிதாவை நர்சிங் படிக்க வைத்தார்.

"ஏண்ணே, ஆளுக்கு ஒரு டப்பா, அடுத்தவங்கள்து தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. இல்லன்னு சொல்லல. மொத மாசம் அப்பிடித்தான் முழுங்கினோம். எனுக்கு நாக்கு இரும்பாய்ச்சு. ஜான்சனுக்கும் ஆய்ச்சு. தேசம்மாவுக்கு ஒண்ணியும் இல்ல. அப்போ எனுக்கு வந்தது சரக்கு, அவளுக்கு வந்தது வெத்து, கரெக்டா? நீயே சொன்னியே பாதிப் பேருக்கு வெத்துன்னு." டம்ளரைக் கீழே வைத்தார். "ஏசுராஜு சம்சாரத்துக்கு வெத்து, எனுக்கு சரக்கா? அத்த முழுங்கிட்டு நான் அவ மூஞ்சில முழிக்கணும். அதான் எல்லாத்தையும் கொட்டிக் கலந்து, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பிரிச்சிக் குடுத்துடறேன். ஒருத்தர்கூட ஒரு வேளை தப்பல. வேணும்னா கேட்டுப் பாரு."

கேட்க வேண்டியதில்லை. எங்கள் மையத்திலேயே ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிற இடம் ஊரூர் குப்பம்தான். மிச்ச மாத்திரைக் கணக்கு அச்சுப் பிசகாமல் இருக்கும். மயிலாப்பூரில் படித்தவர்கள் பாதி மாத்திரையைச் செடிக்குப் போட்டுவிட்டு முழுங்கிவிட்டேன் என்பார்கள், குப்பத்தைப் பாருங்கள் என்று இந்த ஆய்வை நடத்துகிற டாக்டர் சாய்நாத் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். கையும் தட்டினோம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் செய்ததில் எதைத் தப்பு என்று சொல்வது? ஆனாலும் கத்தினேன்.

"அண்ணே, எல்லாருக்கும் பாதி பாதி போனா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும். கடைசில பாக்கறவங்களுக்கு என்ன தெரியும்? மருந்து சாப்பிட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல, இது வேலைக்கு ஆகாதுன்னு தூக்கிப் போட்டுருவாங்க. நல்ல மருந்தா இருந்தாக்கூட. அப்புறம் இது உங்களுக்கும் வராது, தேசம்மா அக்காவுக்கும் வராது, யாருக்குமே வராது!"

பின்னால் யாரோ கூடையை இறக்கும் சத்தம் கேட்டது. தேசம்மா அக்கா. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"அப்போ யாருக்காவது ஒருத்தருக்குக் கெடைக்காம இருந்தாத்தான் இது நல்ல மருந்துன்னு தெரியுமா ஜோதி?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். புள்ளிவிவரம், ஒப்பீடு, நாளைய நோயாளிகள். எல்லாம் மனப்பாடம்.

"ஆமாக்கா" என்றேன்.

அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்துவிட்டார்.

ஜாடியை வாங்கி ஸ்கூட்டியில் கால் நடுவே வைத்துக்கொண்டு கிளம்பினேன். அடையாறு சிக்னலில் வெயில் மண்டையைப் பிளந்தது. பேசாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கலந்ததைக் கொட்டிவிட்டு, புது டப்பா கொடுத்து, இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று அதட்டிவிட்டு வந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. எழுதிக் கொடுத்தால் குப்பத்துக்கு மாத்திரை நிற்கும். அக்காவுக்கு நிற்கும். மாத்திரையைப் பங்குபோட ஆரம்பித்த பிறகு அவருடைய எண் ஏறவே இல்லை. அது என் போனிலேயே இருக்கிறது. ஒரு ஆளுடைய எண்ணை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆனால் மூடி மறைத்தால் மட்டும்? பொய்க்கணக்கு மேலே போகும். கடைசியில் பலிக்கவில்லை என்று ஒரு மின்னஞ்சல் வரும். பலித்திருக்கக்கூடிய மருந்து குப்பைக்குப் போகும். அக்காவுக்கு அப்போதும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே நிற்கிறார். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "இன்னா மேடம், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார். சிக்னல் விழுந்து எத்தனை நேரமோ.

நான் மையத்துக்குள் நுழைந்தபோது டாக்டர் சாய்நாத் கோபாலபுரத்தில் இருக்கிற தன் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜாடியை மேஜை மேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பங்கா?"

"பங்குதான் சார். நம்ம படிவத்துல அப்படித்தான் இருக்கு."

படிவத்தை வாங்கி அந்த வரியைப் படித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் வயசாகிறது. இருபது வருஷமாக இதே சிறுநீரகத்தின் பின்னால் ஓடுகிறவர்.

"குப்பத்தையே ஆய்வுலேர்ந்து எடுத்துடுங்கன்னு சொல்லுவாங்க ஜோதி."

"தெரியும் சார்."

"மத்த ஊர் எல்லாம் சரியா நடந்தா, இந்தக் கொஞ்ச பேரால முடிவு மாறிடாது." தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல் சொன்னார். மற்ற ஊர்களிலும் ஒரு லாசர் இருக்க மாட்டாரா என்று இரண்டு பேருமே நினைத்திருப்போம். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுது. நாக்கு விஷயத்தையும் சேர்த்தே எழுது."

எழுதினேன். கேள்வி மேல் கேள்வி வந்தது. குப்பத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். நெறிமுறைக் குழு கூடியது, தள்ளிவைத்தது, மறுபடியும் கூடியது. கடைசியில், கலந்த மாதங்களைக் கணக்கில் தனியே குறித்து வைப்பது, மறுபடி விளக்கிச் சொல்லிப் புதிதாக ஒப்புதல் வாங்குவது, விருப்பப்படுகிறவர்கள் அவரவர் டப்பாவோடு தொடரலாம் என்று முடிவாயிற்று. அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார்கள். 'பங்குபெற' என்பதை அடித்துவிட்டு 'சேர்ந்துகொள்ள' என்று போட்டேன். உயிரில்லாத சொல். ஆனால் அதைப் பிரித்துக் கொடுக்க யாராலும் முடியாது.

மறுபடியும் அதே கூடம். எல்லோரும் வந்திருந்தார்கள். ஒரு வரி விடாமல் படித்தேன். அவரவர் மாத்திரையை அவரவர்தான் சாப்பிட வேண்டும். நாக்கு ருசியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, வெறும் மாத்திரை சாப்பிட்டே சிலருக்கு வாய் கசக்கும். பிடிக்காதவர்கள் இப்போதே போகலாம், வழக்கமான வைத்தியத்துக்கு எந்தக் குறையும் வராது. நிமிர்ந்து பார்த்தால் லாசர் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ நல்லா படிக்கிற ஜோதிம்மா. கையெழுத்தும் போட்டுடறோம். நீ எழுதறத எழுதிக்கினு போ. அப்பால நாங்க பாத்துக்கறோம்."

கூடமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. இவர்கள் வீட்டுக்குள் நான் என்ன காவலுக்கா நிற்க முடியும்? ஜாடி இல்லாவிட்டால் ஒரு பாத்திரம். இத்தனை அலைச்சலும் இதற்குத்தானா என்று இருந்தது.

தேசம்மா அக்கா எழுந்தார். கடைசி வரிசையில், சுவரோரமாக இருந்தார்.

"இன்னா பாத்துக்கப்போற லாசரண்ணா?"

"நீ குந்து தேசம்மா. உனுக்காகத்தான பேசறேன்."

"எனுக்காகத்தான் வேணான்றேன்."

சிரிப்பு நின்றது.

"அவரு போனதுலேர்ந்து உன் படகுப் பங்கத்தான் நானும் எம்பொண்ணும் துன்னுகினு கீறோம். நீ மழைல போன, காத்துல போன. ஒரு தபா படகு கவுந்து ராப்பூரா தண்ணில கெடந்த. அன்னிக்கி வந்த நாலு மீனுலயும் எனுக்கு ஒண்ணு வெச்ச. நான் ஒரு நாளும் கடலுக்குப் போனதில்ல. கரைல நின்னுகினு கூடைய நீட்டினேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் டப்பா வெத்துன்னு எனுக்குத் தெரியும். இருந்துட்டுப் போவட்டும். யாராவது ஒருத்தரு போய்த்தான் ஆவணும்னா இந்த தபா நான் போறேன். நீ கரைல நில்லு."

லாசர் அண்ணன் தோள்மேல் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் அந்தத் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

நான் அக்காவிடம் போனேன். "அக்கா, உங்களுக்கு எதுன்னு நெஜமா யாருக்கும் தெரியாதுக்கா. நாக்க நம்பாதீங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க." இது நான் சொல்லியே ஆக வேண்டிய வாசகம். ஆனால் அன்றைக்கு வாசகமாக வரவில்லை, கெஞ்சலாக வந்தது.

"தெரியும், வுடு" என்றார். "எங்க போடணும் கையெழுத்து?"

அதற்கப்புறம் குப்பத்தில் ஜாடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நான் கேட்காமலேயே ஜான்சன் வந்து சொன்னார். அக்கா சொன்னபிறகு ஒருத்தருக்கும் அடுத்தவர் டப்பாவைத் தொடக் கை வரவில்லையாம்.

போன வாரம் மறுபடியும் பரிசோதனை. லாசர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லா நாளும் இரும்பு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அடுத்து தேசம்மா அக்கா. முந்தின தடவை எடுத்த ரத்தத்துக்குக் காலையில் வந்த ரிசல்ட்டை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். சொல்லாமல் இருக்க முடியாது.

"ஏறியிருக்குக்கா."

"மெஷின் அளவுக்கா?"

"இல்ல. இன்னும் இல்ல. சாய்நாத் சார் உங்கள வரச் சொல்லியிருக்கார். பிரஷர் மாத்திரைய மாத்திப் பாக்கலாம்னார்."

"வரேன்." கையை நீட்டினார். ரத்தம் எடுக்கிற பெண் ரப்பர் பட்டையைக் கட்டினாள். அக்கா ஊசியைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "மூஞ்சிய இன்னாத்துக்கு இப்பிடி வெச்சிக்கினு கீற? சாப்ட்டியா நீ?"

"சாப்ட்டேன்க்கா." சாப்பிடவில்லை. பேனாவை எடுத்தேன். பக்கவிளைவு என்ற இடத்துக்கு வந்தாயிற்று, கேட்டாக வேண்டும். "வேற தொந்தரவு ஏதாவது? நாக்கு?"

"நாக்குக்கு இன்னா, ஜோரா கீது" என்று சிரித்தார். "உப்பு கரெக்டா தெரியுது. ஜெனிதா கொழம்புல அள்ளிக் கொட்டறா, அதுவும் தெரியுது."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுது ஜோதி. ஒண்ணியும் இல்லன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.